35 நாட் வேகத்தை நீக்குங்கள், நிமிடங்களைக் கேளுங்கள்: விரைவுப் படகு டெண்டர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டெண்டர் வரைவுக் குழுவினருக்கு,

ராயபுரம் கரையிலிருந்து காட்டுப்பள்ளி வரை 150 பயணிகளை ஏற்றிச் செல்லும் விரைவுப் படகு வாங்குவதற்காக நீங்கள் வெளியிட்டிருக்கும் டெண்டர் வரைவை வரிவரியாகப் படித்தோம். நாங்கள் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் படகு வரைபடம், அலுமினிய வெல்டிங், கடல் எஞ்சின் பராமரிப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள். படகு வேண்டாம் என்பது எங்கள் பேச்சு இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் சிக்கிக்கொள்ளும் மக்களுக்குக் கடல்வழி கட்டாயம் வேண்டும். அதனாலேயே இந்த வரைவை இப்படியே விட்டுவிட எங்களால் முடியவில்லை.

வரைவில் மூன்று வரிகள் எங்களைக் கலங்க வைக்கின்றன. உச்ச வேகம் குறைந்தது 35 நாட் (மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்) இருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த வேகத்தைச் சோதனை ஓட்டத்தில் ஒருமுறை காட்டினால் போதும் என்பது இன்னொன்று. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்பது மூன்றாவது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத் தெரியும். மூன்றும் சேர்ந்தால், வாங்கும் அன்று மலிவாகவும் ஓட்டும் ஒவ்வொரு நாளும் கட்டுப்படியாகாமலும் இருக்கும் ஒரு படகு வந்து சேரும். ஏன் என்று விளக்குகிறோம்.

நிமிடக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 12 கடல் மைல். துறைமுக வாய், திரும்பும் இடம், வந்துபோகும் மீன்பிடிப் படகுகள் என்று ஒவ்வொரு முனையிலும் ஒரு மைல் தூரத்துக்கு 6 நாட் வேகத்தைத் தாண்ட வழியில்லை. அந்த இரண்டு மைலுக்கே 20 நிமிடம் போய்விடும். வேகத்துக்கு மிஞ்சுவது 10 மைல் மட்டும். அதை 35 நாட் வேகத்தில் 17 நிமிடத்தில் கடக்கலாம். 25 நாட் என்றால் 24 நிமிடம். 18 நாட் என்றால் 33 நிமிடம். மொத்தப் பயணம் முறையே 37, 44, 53 நிமிடம். ஏறி இறங்க 15 நிமிடம் சேர்த்தால் 52, 59, 68.

12 மணி நேரச் சேவையில் இதை வைத்துப் பாருங்கள். 35 நாட் படகு 13 ஒருவழிப் பயணம் செய்யும், 25 நாட் படகு 12 செய்யும். ஆனால் இரவில் படகு புறப்பட்ட துறைக்கே திரும்பியாக வேண்டும், ஆகவே ஒற்றைப்படையில் வரும் கடைசிப் பயணத்தால் பயனில்லை. இரண்டு படகுகளும் நாளுக்கு 12 பயணமே செய்யும். ஒரு பயணம்கூடக் கூடுதலாகக் கிடைக்காத வேகத்துக்குத்தான் நீங்கள் விலை கேட்டிருக்கிறீர்கள்.

அந்த விலை எவ்வளவு? 28 மீட்டர் நீளமும் முழுச் சுமையில் 80 டன் எடையும் கொண்ட அலுமினியக் கேட்டமரானுக்கு எங்கள் தோராயக் கணக்கு இது. (நம் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இது வேறு இனம்; ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு ஒல்லி உடல்களை மேலே ஒரு தளம் இணைக்கும்.) 18 நாட் வேகத்துக்கு ஏறத்தாழ 750 கிலோவாட் தேவை. 25 நாட் வேகத்துக்கு 1,350. 35 நாட் வேகத்துக்கு 2,500. கடைசி எண் அவ்வளவு தாவுவதற்கு நீரின் எதிர்ப்பு மட்டும் காரணமில்லை. பெரிய எஞ்சின் வந்தால் கியர்பாக்ஸ் பெரிதாகும், எரிபொருள் தொட்டி பெரிதாகும், அலையில் அறையும் விசை கூடுவதால் அடித்தகடும் தடிக்கும். படகின் எடையே எட்டு டன் அளவுக்கு ஏறிவிடும், அந்த எடையைச் சுமக்க மறுபடியும் கிலோவாட் வேண்டும்.

அதிவேக டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும். 10 மைல் தூரத்துக்கு 18 நாட் வேகத்தில் 104 லிட்டர், 25 நாட் வேகத்தில் 135 லிட்டர், 35 நாட் வேகத்தில் 179 லிட்டர். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 44 லிட்டர். நாளுக்கு 12 பயணம், ஆண்டுக்கு 280 நாள், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1 கோடியே 33 லட்சம் ரூபாய். 15 ஆண்டுகளுக்கு, 10 சதவீத வட்டிக் கழிவில், இன்றைய மதிப்பில் 10 கோடி ரூபாய். இது எரிபொருள் மட்டும். படகு 60 சதவீதம் நிரம்பினால் பயணி ஒருவர் தலையில் 44 ரூபாய் விழுகிறது, அதுவும் 7 நிமிடத்துக்காக. பக்கத்தில் கும்மிடிப்பூண்டித் தடத்து மின்ரயில் ஐந்து, பத்து ரூபாய் டிக்கெட்டில் ஓடுகிறது. எண்ணூர்த் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகும் தொழிலாளி எதில் ஏறுவார் என்பதை நிதிப் பிரிவில் இருப்பவர்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

இனி எஞ்சின். வரைவில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கடல் எஞ்சினுக்கு ஒற்றைக் குதிரைத்திறன் என்று ஒன்று கிடையாது. ஒரே எஞ்சினை, ஒரே சிலிண்டர் பிளாக்கை, வேலைக்கு ஏற்ப வெவ்வேறு தரங்களில் விற்கிறார்கள். பெயர்பெற்ற ஒரு நிறுவனம் ஏ (A) முதல் இ (E) வரை ஐந்தாகப் பிரித்திருக்கிறது. ஏ தரம் நாள் முழுவதும் முழுச் சுமையில் ஓடுவதற்கானது. சி தரத்தை 12 மணி நேரத்தில் 6 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டலாம். டி தரம் 12 மணியில் 2 மணி. இ தரம் 6 மணியில் அரை மணி. ஆண்டு முழுவதும் சேர்த்து 250 முதல் 1,000 மணி நேரத்துக்கே அது ஏற்றது. உல்லாசப் படகுகளுக்காக வந்த தரம் அது. கீழே போகப் போக அதே பிளாக்கிலிருந்து அதிக கிலோவாட் எடுக்கிறார்கள். ஒரு கிலோவாட்டுக்கான எடையும் விலையும் குறைகின்றன. ஆயுளும் கூடவே குறைகிறது.

உங்கள் தடத்துக்கு எது பொருந்தும்? 35 நாட் படகு நாளில் 12 முறை 17 நிமிடம் முழு விசையில் ஓடும். அது 3 மணி 24 நிமிடம். டி தரத்தின் 2 மணி வரம்பை அப்போதே தாண்டிவிட்டோம். ஆண்டுக்கு எஞ்சின் ஓடும் நேரம், துறையில் சும்மா ஓடுவதைச் சேர்க்காமலே, 2,000 மணிக்கு மேல். குறைந்தது சி தரம் வேண்டும். ஆனால் வரைவில் தரம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குறைந்த விலைக்குத்தான் ஒப்பந்தம் என்று எழுதியிருப்பதால், சி தரம் போடும் நேர்மையான கட்டுமானக்காரர் தோற்பார்; இ தரம் போடுபவர் வெல்வார். சோதனை ஓட்டத்தில் 35 காட்டுவார், பணம் வாங்குவார், போய்விடுவார். அடுத்து நடப்பது எஞ்சின் பார்ப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்தது. புகைப்போக்கி வெப்பம் வரம்பை ஒட்டியே நிற்கும், டர்போசார்ஜர் கருகும், சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விடும், பல ஆண்டுகள் கழித்து வரவேண்டிய ஓவர்ஹால் முன்கூட்டியே வரும். அனுமதித்த தரத்தை மீறி ஓட்டியதாகச் சொல்லி எஞ்சின் நிறுவனத்தார் உத்தரவாதத்தையும் மறுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

எந்த நிலையில் அந்தச் சோதனை ஓட்டம் என்றும் வரைவு சொல்லவில்லை. எஞ்சின் பட்டியலில் அச்சாகியிருக்கும் திறன் பொதுவாக ஐ.எஸ்.ஓ. 3046 தரப்படி 25 பாகை காற்று வெப்பத்தில் அளந்தது. கப்பல் வகைப்பாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் ஓடும் கப்பலுக்கு வைத்திருக்கும் அளவு 45 பாகை காற்று, 32 பாகை கடல்நீர். சென்னையில் மே மாதத்து எஞ்சின் அறைக்கு எது பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் காலையில் 35 காட்டும் படகு மே நண்பகலில் காட்டாது. சுமையும் அப்படியே. 150 பேரை ஆளுக்கு 75 கிலோ என்று கணக்கிட்டாலே 11 டன்னுக்கு மேல் வரும். காசிமேட்டிலிருந்து ஏறும் மீன் கூடைகளும் ஐஸும் அதற்கு மேல். காலியாக, தொட்டியில் கொஞ்சம் டீசலுடன், புதுப் பெயின்ட் பளபளப்போடு ஓட்டிக் காட்டும் வேகத்துக்கு மதிப்பு ஒன்றும் இல்லை. ஒரே திசையில் ஓட்டினால் நீரோட்டம் தள்ளிவிடும் வேகமும் கணக்கில் ஏறிவிடும். இருதிசை ஓட்டத்தின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, படகைத் தள்ளும் கருவி. 35 நாட் என்று எழுதியதுமே, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வாட்டர்ஜெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், அந்தச் சொல் வரைவில் இல்லாவிட்டாலும். 30 நாட் வேகத்தைத் தாண்டினால் சாதாரண புரொப்பல்லரில் குமிழி வெடித்து இலை அரிக்கும், திறனும் சரியும். அங்கே வாட்டர்ஜெட் மேல். 20 நாட் அளவில் புரொப்பல்லரே சிக்கனம். பிரச்சினை, வாட்டர்ஜெட் எந்தத் தண்ணீரை உறிஞ்சப்போகிறது என்பதில்தான் இருக்கிறது. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் மழை விட்டு நாள்கணக்கில் கரையோரம் மிதக்கும். உறிஞ்சு வாயின் கம்பித் தடுப்பில் ஒரு சாக்குப்பை ஒட்டினால் போதும், அந்தப் பக்கத்து ஜெட் இழுவை இழந்து எஞ்சின் ஓவர்ஸ்பீடு ஆகும். அலை நடுவே படகை நிறுத்தி, பின்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழற்ற வேண்டும். அனல்மின் சாம்பல் படிந்த முகத்துவாரத் தண்ணீர் இன்னொரு தொல்லை. சாம்பல் துகள் உப்புத்தாள்போல, ஜெட்டின் உள்ளே சுழலும் இம்பெல்லரின் விளிம்பைத் தேய்க்கும். விளிம்புக்கும் உறைக்கும் இடையே இருக்கும் சின்ன இடைவெளி கூடும் அளவுக்கு இழுவை குறையும். கடல்நீர் பம்பும், தண்ணீரால் மசகிடும் ஷாஃப்ட் பேரிங்கும் அதே கதிக்கு ஆளாகும். புரொப்பல்லருக்கும் ஆபத்து உண்டு, அது வலை. அதற்கு ஷாஃப்டில் பொருத்தும் கயிறு வெட்டி போதும். சிக்கினாலும் ஒரு முக்குளிப்பாளர் இறங்கி அறுத்துவிடுவார்.

வரைவைத் தயாரித்தவர்கள் கடலடி வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறோம். ஆழம் குறைந்த நீரில் அலை ஓடுவதற்கு ஓர் உச்ச வேகம் உண்டு. ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வரும். 10 மீட்டர் ஆழத்தில் 19 நாட், 15 மீட்டரில் கிட்டத்தட்ட 24 நாட், 20 மீட்டரில் 27 நாட். படகின் வேகம் அந்த எண்ணை நெருங்கும்போது அது எழுப்பும் அலை படகை விட்டு விலகிப்போக முடியாமல் கூடவே சேர்ந்து பெருகும். எதிர்ப்பும் எகிறும், எரிபொருளும் எகிறும். ஆகவே எங்கள் கணக்கில் மலிவாகத் தெரியும் 25 நாட் வேகமும் 15 மீட்டர் ஆழத்தில் ஓடினால் தவறான வேகம்தான். அதைப் பரிந்துரைக்க நாங்கள் வரவில்லை. 35 நாட் படகு அந்த எல்லையைத் தாண்டித்தான் ஓடும் என்றாலும் ஒவ்வொரு பயணத்திலும் வேகம் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அதன் வழியே போகும். தாண்டிய பிறகு எழும் அலைகள் உயரத்தில் சிறியவை. ஆனால் நீண்டவை, வலிவு குன்றாமல் வெகுதூரம் போய் ஆழமற்ற இடத்தில் திடீரென்று உயரும்.

அந்த அலை யாரைச் சேரும்? 1999 ஜூலையில் இங்கிலாந்தின் ஹார்விச் கடற்கரைக்கு அப்பால், மணல்திட்டு ஒன்றின் மீது தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிறு படகை, கடந்துபோன அதிவேகப் பயணிகள் கப்பல் எழுப்பிய அலை தாக்கி ஒருவர் இறந்தார். அலை வந்தபோது கப்பல் தொலைவில் போய்விட்டிருந்தது. டென்மார்க் 1990-களின் இறுதியிலேயே அதிவேகக் கப்பல் எழுப்பும் அலைக்கு உயர வரம்பு விதித்தது. மூன்று மீட்டர் ஆழத்தில் அலை எவ்வளவு உயரலாம் என்பதை அலையின் கால இடைவெளியோடு சேர்த்து அந்த விதி வரையறுக்கிறது. நம் தடத்தில் ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை விடிகாலையில் வலை வீசி நிற்பவை ஃபைபர் படகுகள். பலவற்றில் ஒரு டார்ச் வெளிச்சம்தான் விளக்கு. 35 நாட் வேகம் நொடிக்கு 18 மீட்டர். 500 மீட்டரில் ஒரு படகைக் கண்டால் மோதலுக்கு 28 நொடி இருக்கும். கரையிலோ துறைமுகத்துக்கு வடக்கே பல பத்தாண்டுகளாகக் கடல் அரித்து, கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டு ஊர்களைக் காத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நாளுக்கு 12 முறை செயற்கை அலையைச் சேர்ப்பதற்கு முன்பு ஒருவராவது அளந்து பார்த்திருக்க வேண்டும்.

18 நாட் அருகே போனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி விலகும், ஆனால் வேறொன்று எதிர்ப்படும். 28 மீட்டர் படகு 16 நாட் அளவில் தன் முன்னலையின் மீதே ஏறப் பார்க்கும். எதிர்ப்பு வரைகோட்டில் அங்கே ஒரு மேடு இருக்கிறது. உடலை நீட்டி ஒல்லியாக்கினால் அந்த மேட்டின் உயரம் தாழும். ஆறு மீட்டர் கூடுதல் அலுமினியத் தகட்டுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். கூடுதல் கிலோவாட்டுக்கு ஒவ்வொரு பயணத்திலும் கொடுக்க வேண்டும். இப்படி நீளத்தையும் எஞ்சினையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்ப்பதுதான் படகு வடிவமைப்பாளரின் வேலை. வரைவில் வேகத்தை எண்ணாக எழுதி, நீளத்துக்கு 28 மீட்டர் உச்சவரம்பும் வைத்து, அந்த வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

அந்த 7 நிமிடத்தைக் கரையில் எடுக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். நிலையான கல் துறையில் படகின் தளமும் துறையும் ஒரே மட்டத்தில் இருப்பது அரிது. பலகை போட்டு ஒருவர் பின் ஒருவராக இறக்கும்போது 15 நிமிடம் பறந்துவிடும். மிதவை மேடை அமைத்து, படகின் பக்கவாட்டில் இரண்டு அகன்ற வாயில் வைத்தால் 8 நிமிடம் போதும். அப்போது 18 நாட் படகின் ஒருவழி நேரம் 68 நிமிடத்திலிருந்து 61 ஆகும். 25 நாட் படகைக்கூட ஏறக்குறைய எட்டிவிட்டோம். மேடைக்கு டீசல் தேவையில்லை.

அலுமினியத்தைப் பற்றிச் சுருக்கமாக. 5083 ரக அலுமினியக் கலவைத் தகடும் 6082 ரகச் சட்டங்களும் சரியான தேர்வுதான். வெல்டிங் சூட்டில் 6082 தன் வலிவில் ஏறத்தாழ பாதியை இழக்கும். மூட்டுகளை எங்கே வைப்பது என்று வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் திறந்தவெளியில் வெல்டு செய்தால் உள்ளே குமிழி தங்கும். மூடிய, உலர்ந்த கூடம் கட்டாயம் என்று எழுதுங்கள். அடிப்பகுதிக்குத் தாமிரம் கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் கூடவே கூடாது, அது அலுமினியத்தை மின்னரிப்பால் தின்றுவிடும். தாமிரம் இல்லாத பெயின்ட் விலை அதிகம், குறைந்த விலைக்கு ஏலம் எடுத்தவர் அதில்தான் முதலில் கைவைப்பார். வடசென்னைக்கு வேகப்படகு புதிதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டுந்துறை கடலோரக் காவல்படைக்கு 45 நாட் வேக அலுமினிய ரோந்துப் படகுகளைக் கட்டியது. துரத்திப் பிடிக்கும் படகுக்கு 45 நாட் நியாயம். அங்கே நிமிடத்துக்கு டிக்கெட் விலை கிடையாது.

வடகிழக்குப் பருவமழையில் எத்தனை நாள் ஓட முடியாது என்பதற்கும் வரைவில் கணக்கில்லை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை விரைவுச் சேவை, பருவமழையை முன்னிட்டு அதே மாதத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலுடன்தான் மீண்டது. வாடைக் கடலில் வேகத்தை முடிவு செய்வது எஞ்சின் இல்லை, பயணியின் வயிறும் இரு உடல்களுக்கு நடுவே தளத்தின் அடியில் அறையும் அலையும்தான். தளத்தின் உயரத்தை அரை மீட்டர் கூட்டினால் பல நாட்களை மீட்கலாம். படகு கட்டிக்கிடந்தாலும் கடன் தவணை ஓடும்.

வெளியூரில் இதே தவற்றுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1990-களில் மூன்று அலுமினிய அதிவேகக் கேட்டமரான்களை 21 கோடி டாலரில் கட்டத் திட்டமிட்டு, கடைசியில் ஏறத்தாழ 46 கோடி டாலர் செலவழித்தது. மிதக்கும் குப்பை வாட்டர்ஜெட்டை அடைத்தது, அலையால் கரைவாசிகள் எதிர்த்தனர், வேகத்தைக் குறைக்க வேண்டிவந்தது. 2003-இல் மூன்றையும் சேர்த்து 2 கோடி டாலருக்கும் குறைவாக விற்றார்கள். ஜப்பான் தோக்கியோவிலிருந்து ஒகசவாரா தீவுகளுக்கு ஓட்டக் கட்டிய 140 மீட்டர் அதிவேகக் கப்பல் 2005-இல் தயாரானது. எரிபொருள் விலை ஏறியதால் அது ஒருநாள்கூடப் பயணிகள் சேவைக்கு வரவில்லை. ஐரோப்பாவில் 1996 முதல் 40 நாட் வேகத்தில் ஓடிய ஸ்டீனா நிறுவனத்தின் கேஸ் டர்பைன் கப்பல்களில் கடைசியாக எஞ்சியது 2014-இல் நின்றது. அங்கெல்லாம் இருந்த பொறியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். வேகம் அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்த வேகம் ஆண்டுக்கு எவ்வளவு தின்னும் என்பது உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

35 நாட் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டு, துறையில் கதவு மூடியது முதல் மறுதுறையில் கதவு திறப்பது வரை 55 நிமிடத்துக்குள், முழுச் சுமையில், ஒரு மீட்டர் அலையில் என்று எழுதுங்கள். நீளத்துக்கான உச்சவரம்பையும் எடுத்துவிடுங்கள். எந்த நீளம், எந்த வேகம், எத்தனை கிலோவாட் என்று கட்டுமானக்காரர் சொல்லட்டும்.

விலை ஒப்பீட்டைக் கேட்கும் விலையோடு நிறுத்தாதீர்கள். 15 ஆண்டு எரிபொருளும் ஓவர்ஹால் செலவும் இன்றைய மதிப்பில் சேர்ந்த மொத்தத்தில் யார் குறைவோ அவருக்குக் கொடுங்கள். இது புது முறை இல்லை. நாட்டின் பல மின்வாரியங்கள் மின்மாற்றி வாங்கும்போது அதன் வாழ்நாள் மின்னிழப்பை விலையாக மாற்றிக் கூட்டித்தான் டெண்டரை மதிப்பிடுகின்றன. ஒரு பயணத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஒப்பந்தக்காரர் எழுத்தில் உறுதி தரவேண்டும். அதற்கு மேல் குடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 15 ஆண்டுக்கான தொகையைக் கடைசித் தவணையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் தரச் சான்றிதழை, ஆண்டுக்கு 3,000 மணி நேர ஓட்டத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே கையெழுத்திட்டதாக, டெண்டரோடு கேளுங்கள். சோதனை ஓட்டம் முழுச் சுமைக்குரிய மணல்மூட்டையோடு, இருதிசையில், ஏப்ரல் அல்லது மே மாதத்தில், தொடர்ந்து நான்கு மணி நேரம் நடக்கட்டும். படகு கட்டும்போது மூன்று கட்டங்களில் எடை அறிக்கை வாங்குங்கள். கடைசியில் தராசில் வைத்தே நிறுங்கள். தொகையில் 15 சதவீதத்தையாவது இரண்டு பருவமழை கடந்த பிறகு கொடுங்கள்.

தடத்தின் ஆழ வரைபடத்தையும் அலை ஆய்வையும் டெண்டருக்கு முன்பே முடித்து, கரையில் எழும் அலைக்கு ஒரு வரம்பை ஒப்பந்தத்தில் சேருங்கள். மாதிரிப் படகை இழுத்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, சென்னை ஐ.ஐ.டி.யில் 82 மீட்டர் இழுவைத் தொட்டி இருக்கிறது. கடல் அலைத் தரவு பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிடைக்கும். அதை வைத்து ஆண்டில் ஓட முடியாத நாட்களைக் கணக்கிட்டு வருவாய் மதிப்பீட்டைத் திருத்துங்கள்.

மிதவை மேடைகளைப் படகோடு சேர்த்தே ஒரே திட்டமாக ஒதுக்குங்கள். படகு வந்த பிறகு மேடைக்குப் பணம் தேடும் நிலை வரக்கூடாது.

தடத்தையும் வேகக் கட்டுப்பாட்டு நேரத்தையும் ஃபைபர் படகுக்காரர்களோடும் விசைப்படகுச் சங்கங்களோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விடியலுக்கு முன் வலை எங்கே நிற்கும், தடைக்காலம் முடிந்த ஜூன் 15 அன்று துறைமுக வாயில் எத்தனை படகு நெருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவற்றைச் செய்ய டெண்டரின் கடைசித் தேதியை 60 நாள் தள்ளிவைக்குமாறு கேட்கிறோம். ஏலத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தைக் காசிமேட்டிலேயே, மாலை வேளையில், படகுக்காரர்கள் கரையில் இருக்கும்போது கூட்டுங்கள். எங்கள் கணக்குத் தாள்களையும் எதிர்ப்பு வரைகோடுகளையும் கொண்டுவருகிறோம். எந்த எண் தவறு என்று நினைக்கிறீர்களோ அதை அங்கே எங்களோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைப் படகு வரைவாளர்கள், வெல்டர்கள், கடல் எஞ்சின் பணியாளர்கள்